ஆழத்தில் கிடக்கும் காசு: மெட்டல் டிடெக்டர் செட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு, மோதிரம், பொத்தான் போன்ற சின்னப் பொருள்களைத் தேடும் சாதாரண வி.எல்.எஃப். (மிகக் குறைந்த ஃப்ரீக்வென்சியில் ஓடும்) மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. நான் தேடுவது இங்கிலாந்தின் உழவு வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும். எண்கள் வரும் இடங்களில் என்னிடம் இருக்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மெஷினை வைத்துச் சொல்கிறேன். உங்களிடம் கேரட், எக்ஸ்பி, நோக்டா என்று எது இருந்தாலும் பட்டனின் பெயர்தான் மாறும், விஷயம் மாறாது.

ஒரு மெஷின் எவ்வளவு ஆழம் வரை பார்க்கும்?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 11 அங்குலக் காயில் (தரைமேல் வீசும், உள்ளே கம்பிச்சுருள் உள்ள தட்டு), இரும்புத்தாது குறைந்த சாதுவான மண் என்றால், விக்டோரியா காலத்து வெண்கலப் பென்னி (30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலம்) 20 முதல் 25 செ.மீ. ஆழத்திலும் குரல் கொடுக்கும். அதே இடத்தில், இடைக்காலத்தில் வெள்ளிப் பென்னியை நான்காக வெட்டிச் செலவழித்த துண்டு ஒன்று கிடந்தால், அதில் பாதி ஆழத்துக்குக்கூட உத்தரவாதம் கிடையாது. பொருள் பெரிதானால் கதையே வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1980-ல் கிடைத்த 27 கிலோ தங்கக்கட்டி, ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’, சுமார் ஓர் அடி ஆழத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்து மெஷினே அதைச் சுலபமாகக் காட்டிவிட்டது.

காரணம் இதுதான். காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மூன்று மடி வேகத்தில் (தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில்) குறைகிறது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் சிக்னலும் அதே மாதிரி குறைந்துகொண்டே மேலே வருகிறது. போகும்போது மூன்று, வரும்போது மூன்று, மொத்தம் ஆறு மடி. காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். திருப்பிப் போட்டால் இன்னும் வேடிக்கை: மெஷினின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கிடைக்கும் கூடுதல் ஆழம் 12 சதவீதம்தான். 20 செ.மீ. என்பது 22-க்குப் பக்கத்தில் வரும், அவ்வளவே.

ஆக, பலத்தைக் கூட்டி ஆழம் வாங்க முடியாது. இரைச்சலைக் குறைத்தால் முடியும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

அப்படியானால் சென்சிடிவிட்டியை முழுசாக ஏற்றி வைப்பது தப்பா?

பெரும்பாலான இடங்களில் தப்பு. கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு ஏதோ சொல்கிறார். காதுக் கருவியின் ஒலியைக் கூட்டினால் மேளமும் சேர்ந்துதான் கூடும். சென்சிடிவிட்டியும் அப்படித்தான்: காசின் சிக்னலோடு மண்ணின் சத்தம், மின்கம்பியின் சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கும்.

ஈக்வினாக்ஸில் இது 1 முதல் 25 வரை, கம்பெனி வைத்துத் தருவது 20. நான் செய்வது: 20-ல் ஆரம்பித்து, வீசிக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றுவேன். எங்கே காரணமில்லாமல் ‘டிக் டிக்’ என்று பேச ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து இரண்டு படி இறக்கிவிடுவேன். சில வயலில் அது 23-ல் நிற்கும், சில வயலில் 20-லேயே கத்தும், இறக்கிக்கொண்டே வந்து 17-ல் நிற்க வேண்டியிருக்கும். 17-ல் அமைதியாக இருக்கும் மெஷின், 24-ல் கத்தும் மெஷினைவிட ஆழமாகப் பார்க்கும். கத்தலுக்கு நடுவே வரும் மெல்லிய சிக்னலை உங்கள் காது பிரித்தெடுக்காது.

கையில் சும்மா பிடித்திருந்தாலே கத்துகிறது. மண் கோளாறா?

இல்லை. காயிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போது சத்தம் வந்தால் அது வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தொந்தரவு. வீசும்போது மட்டும் வந்தால்தான் மண் மேல் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சென்சிடிவிட்டியில் கை வைக்காதீர்கள்.

முதலில் சட்டைப்பையில் இருக்கும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். ஸ்மார்ட் வாட்சையும் கழற்றிவிடுங்கள். மாட்டுக்குப் போட்ட மின்வேலி பக்கத்தில் இருந்தால், ஒரு நொடிக்கு ஒரு தடவை போலச் சீராகத் துடிக்கும் சத்தம் வரும். அதைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிடும். கூட வந்தவரின் டிடெக்டரும் உங்களுடையதைக் கெடுக்கும், பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடக்கக் கூடாது. அப்புறம் நாய்ஸ் கேன்சல் பட்டன். காயிலை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு அழுத்தினால், மெஷின் தானே சத்தம் குறைந்த சேனலைத் தேடிப் பிடிக்கும். மெஷினை ஆன் செய்யும்போது மட்டுமின்றி, வயலின் மறுகோடிக்குப் போனாலும் ஒருமுறை செய்யுங்கள். உயர்அழுத்த மின்கம்பிக்கு அடியில் இவை எதுவும் பலிக்காவிட்டால், பல ஃப்ரீக்வென்சி மோடிலிருந்து ஒற்றை ஃப்ரீக்வென்சிக்கு மாறினால் சில சமயம் அடங்கும்.

கிரவுண்ட் பேலன்ஸ் உண்மையிலேயே தேவையா? மெஷினே பார்த்துக்கொள்கிறது என்கிறார்களே?

ஆழம் வேண்டும் என்றால் தேவை. நான் முதலில் கை வைப்பதே இதில்தான்.

மண் என்பது மெஷினுக்கு வெற்றிடம் அல்ல. அதில் இரும்புத் தாதுக்கள் இருக்கின்றன. ஆழத்தில் கிடக்கும் காசின் சிக்னலைவிட, அதன் மேலே கிடக்கும் மண்ணின் சிக்னல் பல மடங்கு பெரியது. கிரவுண்ட் பேலன்ஸ் என்பது ‘இந்தச் சத்தம் மண்ணுடையது, இதைக் கழித்துவிடு’ என்று மெஷினுக்குச் சொல்வது. தப்பாகச் சொன்னால் ஒன்று மண் தெரியும், அல்லது காசும் சேர்ந்து காணாமல் போகும்.

செய்யும் முறை பெரிய வித்தை இல்லை. உலோகம் எதுவும் இல்லாத ஓர் அடி இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆல் மெட்டலில் (எந்த உலோகத்தையும் விடாமல் சொல்லும் மோடில்) வைத்து நாலு பக்கமும் வீசிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் காலி இடம் என்று நம்ப வேண்டும். அப்புறம் கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு, காயிலைத் தரைக்கு இணையாக, ஓர் அடி உயரத்திலிருந்து இரண்டு விரல் உயரம் வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். தண்ணீர் பம்ப் அடிப்பது போலத்தான் இருக்கும், அதனால்தான் பம்பிங் என்கிறார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சத்தம் மாறாமல் இருந்தால் பேலன்ஸ் ஆகிவிட்டது.

மெஷின் தானே சரிசெய்துகொண்டே வரும் ட்ராக்கிங் வசதியும் உண்டு. மண் அடிக்கடி மாறும் இடத்தில், கடற்கரையில், அது நல்லது. ஆனால் ஒரே மாதிரியான வயலில் நான் அதை அணைத்துவிடுவேன். மெல்லிய சிக்னல் ஒன்று கிடைத்து அதன் மேலேயே நின்று பத்துத் தடவை வீசினால், ட்ராக்கிங் அந்தக் காசையும் மண்ணோடு சேர்த்துக் கழிக்கத் தொடங்கிவிடும். சிக்னல் தேய்ந்துகொண்டே போகும், ‘ஒன்றுமில்லை போலிருக்கிறது’ என்று நீங்களும் நகர்ந்துவிடுவீர்கள்.

லேட்டரைட் செம்மண் மாதிரி இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் எந்த வி.எல்.எஃப். மெஷினும் திணறும். அங்கே கிரவுண்ட் பேலன்ஸும் குறைந்த சென்சிடிவிட்டியும் சேர்ந்தால்தான் ஓரளவு ஓடும்.

டிஸ்கிரிமினேஷன் எவ்வளவு வைக்க வேண்டும்?

இரும்பு, குப்பை என்று வேண்டாத உலோகத்தை மெஷின் சொல்லாமல் விடும் வசதி இது. ஆழம்தான் குறி என்றால் பூஜ்யம். ஆல் மெட்டலில் கேளுங்கள். (ஈக்வினாக்ஸில் குதிரை லாடப் படம் போட்ட பட்டன்.)

ஆழத்தில் கிடக்கும் காசின் அடையாள எண் (என்ன உலோகம் என்று திரை காட்டும் எண்) ஸ்திரமாக இருக்காது. பத்து செ.மீ. ஆழத்தில் ‘நான் வெள்ளி’ என்று தெளிவாகச் சொல்லும் காசு, இருபதைத் தாண்டினால் எண் மாறி மாறிக் குதிக்கும், சில வீச்சில் இரும்புப் பக்கம்கூடச் சாயும். இரும்பு என்று நீங்கள் அடைத்துவைத்த பகுதிக்குள் அது விழுந்தால் மெஷின் வாயே திறக்காது. நீங்கள் அதன் மேல் நடந்து போயிருப்பீர்கள். ஐயர்ன் பயாஸும் (சந்தேகமான சிக்னலை இரும்பு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லும் செட்டிங்) இதே ரகம். கூட்டினால் துரு ஆணிகள் நல்ல காசு மாதிரி நடிப்பது குறையும், கூடவே இரும்புக்குப் பக்கத்தில் கிடக்கும் நல்ல காசும் இரும்பாகிவிடும்.

பழைய கொல்லன் பட்டறை இருந்த இடம், இடிந்த வீடு என்று ஆணி கொட்டிக் கிடக்கும் இடத்தில் ஆல் மெட்டல் காதைக் கிழித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரி இடத்தில் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படுவதே வீண். ஆணிகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதைப் பிரிப்பதுதான் அங்கே வேலை.

ரிகவரி ஸ்பீடு?

ஒரு சிக்னலைக் கேட்டு முடித்து அடுத்ததற்குத் தயாராக மெஷின் எடுத்துக்கொள்ளும் வேகம். ஈக்வினாக்ஸ் 800-ல் 1 முதல் 8 வரை. எக்ஸ்பி மெஷினில் ரியாக்டிவிட்டி என்று இருக்கும். எண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும், சிக்னல் நீளமாக, கேட்கச் சுலபமாக வரும். குப்பை குறைவான மேய்ச்சல் நிலத்தில் 3 அல்லது 4-ல் வைப்பேன். இறக்கினால் ஒரு நிபந்தனை: வீச்சும் மெதுவாக வேண்டும்.

எந்த ஃப்ரீக்வென்சி ஆழம் போகும்?

பெரிய வெள்ளி, செம்புக் காசுகளுக்குக் குறைந்த ஃப்ரீக்வென்சி, அதாவது 5 கிலோஹெர்ட்ஸ் சுற்று வட்டாரம். மெல்லிய தங்கச் சங்கிலி, சின்ன வெட்டுத் துண்டுக் காசு ஆகியவற்றுக்கு 15, 20 அல்லது அதற்கு மேல். ‘குறைந்த ஃப்ரீக்வென்சி ஆழம் போகும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. குறைந்த ஃப்ரீக்வென்சியில் சின்னத் தங்கம் சரியாகப் பதிலே தராதபோது அது எவ்வளவு ஆழம் போய் என்ன பயன்? என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் பல ஃப்ரீக்வென்சி மோடே போதும்.

பெரிய காயில் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

சுத்தமான நிலத்தில் சில செ.மீ. கூடும். ஆனால் பெரிய காயில் மண்ணையும் அதிகமாகப் பார்க்கும். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் 15 அங்குலக் காயிலைவிட 11 அங்குலம் ஆழம் காட்டுவது உண்டு. சின்னப் பொருளும் பெரிய காயிலுக்குச் சரியாகப் படாது. கை வலி தனி. டபுள் டி காயில் (உள்ளே D வடிவச் சுருள் இரண்டு சேர்ந்தது) தாது மண்ணில் அமைதியாக இருக்கும். இப்போதைய மெஷின்களோடு பெரும்பாலும் அதுதான் வருகிறது.

செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் ஆழம் வரவில்லையே?

காயிலின் உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து 5 செ.மீ. மேலே வீசினால் 5 செ.மீ. ஆழம் போயிற்று, எந்தப் பட்டனாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், கூடுதலாக 2 செ.மீ. ஆழத்துக்காகப் பெரிய தொகை கொடுத்து மெஷின் மாற்றுகிறவர்கள், வீச்சின் இரண்டு முனையிலும் காயிலை ஒரு ஜாண் தூக்கி ஊஞ்சல் ஆட்டுகிறார்கள். காயில் புல்லைத் தடவிக்கொண்டே போக வேண்டும், முனையிலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியையாவது மூட வேண்டும், ஏனென்றால் ஆழம் போகப் போக காயில் பார்க்கும் அகலம் சுருங்கிக்கொண்டே வரும்.

வேகம்: இடமிருந்து வலம் ஒரு வீச்சுக்கு இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம். காற்றடிக்கும் வயலில் ஸ்பீக்கரை நம்பினால் ஆழமான சிக்னல் காதுக்கே வராது.

ஆழமான சிக்னல் எப்படி இருக்கும்?

மேலோட்டமான காசு சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று முடியும். ஆழமானது அப்படி அல்ல. ஓரங்கள் மழுங்கி, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் எழுந்து, அதே மாதிரி கரையும். சின்னதாக, ஆனால் வட்டமாக இருக்கும். திரையில் எண் 19, 23, ஒன்றுமில்லை, 21 என்று ஓடும். இந்த நேரத்தில் திரையைப் பார்க்காதீர்கள்.

முதலில், அதே இடத்தில் சின்னதாக, ஒரு முழம் அகலத்தில் மட்டும் வீசுங்கள். இரண்டு பக்கம் போகும்போதும் சத்தம் வருகிறதா? அப்புறம் நீங்கள் நகர்ந்து, முன்பு நின்ற கோட்டுக்குச் செங்குத்தாக நின்று வீசுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டு, திரும்பினால் மறைந்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் கேட்டால் காயிலை மூன்று செ.மீ. தூக்குங்கள். சிக்னல் உடனே செத்துப்போனால் நல்ல செய்தி: சின்னப் பொருள், ஆழத்தில் இருக்கிறது. முழங்கால் உயரம் தூக்கியும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது கலப்பைத் துண்டு, தகரம், அந்த வகையறா. திரையில் காட்டும் ஆழ அம்புக்குறி காசு அளவுப் பொருளை மனதில் வைத்துக் கணக்கிட்டது. பெரிய இரும்பு முக்கால் அடியில் இருந்தாலும் அது ‘மேலேதான்’ என்று சொல்லும்.

எந்த முடிவுக்கும் வர முடியாத சிக்னலா? புல்லோடு ஒரு கட்டி மண்ணை, பத்து செ.மீ. அளவு, கவனமாக எடுத்து ஓரமாக வையுங்கள். குழியின் மேல் மறுபடி வீசுங்கள். மேலே இருந்த மண் போனதும், குதித்துக்கொண்டிருந்த எண் ஓரிடத்தில் வந்து நிற்கும், மழுங்கிய சத்தம் கூர்மையாகும். அந்த மாற்றத்தைக் கேட்பதற்காகவே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கலாம். மாறாக, மண்ணைக் கிளறியதும் சிக்னல் சுத்தமாக மறைந்தால், துருவேறிய இரும்பாக இருந்திருக்கலாம். அல்லது பொருள் நீங்கள் எடுத்த கட்டிக்குள்ளேயே வந்துவிட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள்.

வீட்டில் எப்படிச் சோதிப்பது? காற்றில் காசைக் காட்டிப் பார்க்கலாமா?

காற்றில் காட்டினால் மண்ணின் தொந்தரவு இல்லை, அதனால் ஆழம் கூடுதலாகவே தெரியும். செட்டிங்கை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். தோட்டத்தில் 10, 15, 20 செ.மீ. ஆழத்தில் புதைத்து, இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கிளறிய மண்ணில் சிக்னல் சரியாக வராது, சில மாதம் மழை பட்டு இறுகட்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 1992-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் காசுகள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவற்றை வைத்துச் சோதித்தால் மெஷின் இரும்பு மாதிரி ஏதோ உளறும், மெஷினைத் திட்டுவீர்கள். காந்தத்தில் ஒட்டாத பித்தளை நிற ஐந்து ரூபாய், அல்லது செம்புத் துண்டு ஒன்று சரியாக இருக்கும்.

மழைக்குப் பிறகு தேடினால் ஆழம் கூடுமா?

ஈர மண் பெரும்பாலும் உதவும், வறண்டு பாளம் பாளமாக வெடித்த களிமண் கெடுக்கும். உப்புக் கலந்த ஈரம் வேறு விவகாரம். அலை வந்து போகும் கடற்கரை மணலில் உப்புநீரே உலோகம் மாதிரி பதில் சொல்லும். அங்கே சென்சிடிவிட்டியை இறக்கி, பீச் மோடில் பல ஃப்ரீக்வென்சியில் ஓட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின்தான் (விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பும் வேறு வகை) வழி. உப்பும் தாதுவும் அதை அதிகம் தொந்தரவு செய்யாது, ஆழமும் போகும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் ஒழுங்காகப் பிரிக்காது, வந்ததை எல்லாம் தோண்ட வேண்டும். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் அதைச் சகித்துக்கொள்கிறார்கள், ஆணி நிறைந்த ஆங்கில வயலில் முதுகு உடைந்துவிடும்.

10 மீட்டர் ஆழத்தில், அரை கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் காட்டும் கருவி என்று வீடியோ வருகிறதே?

வாங்காதீர்கள். மேலே சொன்ன ஆறு மடிக் கணக்கை நினைத்தால் போதும். ஒரு பிடி, அதில் ஆடும் ஆன்டெனா, ‘தங்கம்’ என்று எழுதிய பட்டன் — இந்த ரகக் கருவிகளில் வேலை செய்யும் பாகம் எதுவும் இருப்பதில்லை. இதே போன்ற வெறும் ஆன்டெனாக் குச்சியை ஏ.டி.இ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியாக ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. அதற்கு மூலமான பொருள் கோல்ஃப் பந்து தேடித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட விளையாட்டுச் சாமான்.

சிக்னல் கிடைத்துவிட்டது. எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

இங்கிலாந்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு, ஏர் போன ஆழம் வரை. பொறுப்பான தேடலுக்கான நடைமுறை விதி சொல்வதும் அதுவே. கலப்பை ஏற்கெனவே கிளறிய மண்ணில் கிடப்பதை எடுத்தால் பெரிய நஷ்டமில்லை. அதற்குக் கீழே இருப்பது அந்த இடத்திலேயே இருந்தால்தான் தொல்லியலாளருக்குப் பேசும். 1992-ல் சஃபோக்கில், ஹாக்ஸ்ன் ஊரில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மீதியைத் தொல்லியலாளர்கள் அடுக்கு கலையாமல் எடுத்தார்கள், பெட்டிக்குள் எது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதுவரை தெரிந்தது. சுமார் 15,000 காசுகள். சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று தோன்றுவதை 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இதைச் செய்யலாமா?

சொந்தத் தோட்டத்தில் தொலைந்த கொலுசு, புதைந்துபோன குழாய் வால்வு, கடற்கரையில் விழுந்த மோதிரம் ஆகியவற்றைத் தேடுவது வேறு, பழம்பொருள் தேடித் தோண்டுவது வேறு. இந்தியாவில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விக்டோரியா காலத்துப் பத்து ரூபாய் அது, இன்று டீயும் வடையும்கூட அந்தக் காசுக்கு வராது, அதனால் கிடைக்கும் எந்தப் புதையலும் அந்த வரம்புக்கு மேலேதான். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள், தொல்லியல் களங்கள் பக்கம் மெஷினோடு போகவே கூடாது.

இலங்கையில் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பழம்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். வடக்கு, கிழக்கில் சட்டத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது: மிதிவெடி அகற்றும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அங்கே ஆழத்தில் ஒரு சிக்னல் கேட்டால் அது காசு என்று நினைத்து மண்வெட்டியைப் போடக் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போய் போலீசிலோ ராணுவத்திடமோ சொல்லுங்கள்.